செல்வம் பெயரில் எழுதியவர் முத்துமாரி அக்கா

செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பில் இருந்தபோது பக்கத்து வீட்டு மாமா வந்து என்னைக் கூட்டிப்போனார். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த முத்துமாரி அக்கா இறந்துவிட்டாள் என்று வில்லாபுரத்தில் வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார். உங்கள் லினக்ஸ் மின்னஞ்சல் குழுவுக்கு அந்தச் செய்தி வேறு விதமாக வந்தது. "என் தங்கை தவறிவிட்டாள், சில நாள் பதில் எழுத இயலாது" என்று செல்வம் அண்ணன் எழுதியிருந்தார். நீங்கள் எல்லோரும் அவருக்கு ஆறுதல் சொல்லியிருந்தீர்கள். இரண்டு வருடமாக உங்களுக்குப் பதில் எழுதியவர் அவர் இல்லை. அந்தத் தங்கைதான்.

நான் அவளுடைய சித்தப்பா மகள், பத்தாவது படிக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அவள் லேப்டாப்பில் இதைத் தட்டுகிறேன். செல்வம் முகவரியிலிருந்து வந்தாலும் எழுதுவது நான்.

அவள் குழுவில் சேர்ந்த அன்று பெரியப்பா, "பொம்பளப்பிள்ள பேரு கண்டவன் கம்ப்யூட்டர்ல எதுக்குக் கெடக்கணும்? அண்ணன் பேரப் போட்டுக்க" என்றார். போட்டுக்கொண்டாள். "நன்றி செல்வம் சார்" என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் மீசையை முறுக்குவதுபோலச் செய்து, "ஏய், சாருக்கு ஒரு காப்பி கொண்டா" என்பாள்.

அந்த லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோகும். "ஓசி சாப்ட்வேரு அம்புட்டுத்தான் ஓடும்" என்று அண்ணன் கேலி செய்வார். அக்கா என்னிடம், "வையிறதுக்கு முன்னாடி லாக்க வாசிக்கணும்டி" என்பாள். கணினி தனக்கு நடந்ததை நேரம் போட்டு எழுதிவைக்கும் அந்தக் கோப்பை வரி வரியாகப் படித்தாள். ஒவ்வொரு முறையும் இணைப்பு அறுவதற்குச் சற்று முன் லேப்டாப் பேட்டரிக்கு மாறியிருந்தது. கரண்டு போகவில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போனைச் சொருகியது அண்ணன். பேட்டரியில் ஓடும்போது மிச்சம் பிடிப்பதற்காக வைஃபை கார்டு தூங்கிவிடும். கோளாறு அதுதான்.

"அண்ணே, ஒன் போனுக்கு வேற பிளக்கே இல்லையா?"

"என் வீட்டு பிளக்கு, எதுலயும் சொருகுவேன். போடி."

"நல்லாப் புடுங்கிக்கண்ணே. இனிமே அறுந்துபோகாது."

கார்டைத் தூங்கவிடாத கட்டளையை ஒரே வரியில் எழுதி, லேப்டாப்பைத் திறந்ததும் தானே ஓடும்படி வைத்தாள். அதை விளக்கிக் குழுவில் ஒருவருக்குப் பதிலாக எழுதினாள். அந்தப் பதிலைத்தான் நீங்கள் குழுவின் இணையதள முதல் பக்கத்தில் போட்டீர்கள்.

இன்று துக்கம் கேட்க வந்த உறவுக்காரரிடம் பெரியப்பா அந்தப் பக்கத்தைக் காட்டி, "எம் மகன் எழுதுனது, மாப்ள" என்றார். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். அக்கா படத்துக்கு அடியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். அந்தத் தம்ளரைத் தட்டிவிட வேண்டும்போல் இருந்தது. பயந்துபோய் உள்ளே போய்விட்டேன்.

நாளைக்கு லேப்டாப்பை அழித்து விண்டோஸ் போடப்போகிறார்கள். அவள் எழுதியது எதுவும் இந்த வீட்டில் மிஞ்சாது. நான் சொன்னது தெரிந்தால் என் படிப்பையே நிறுத்துவார்கள். ஆனாலும் முதல் பக்கத்தில் பெயரை மாற்றுங்கள். முத்துமாரி என்று போடுங்கள்.

அவளுடைய பொறுமை எனக்கு வேண்டாம். எதையும் முழுக்க வாசிக்கும் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இதை மூன்று முறை வாசித்துவிட்டேன். எதையும் அழிக்கவில்லை. கீழே இருப்பது என் சொந்தப் பெயர்.

கவிதா