ஒற்றை வரிசைப் பேண்டு

தஞ்சாவூரில் என் வீட்டைத் தாண்டி ஒரு பள்ளிப் பேண்டு போயிற்று. பெண்கள் நாலு நாலு பேராக. பியூகிள் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நன்னிலத்தில் எங்கள் பள்ளி முதல்முதலாகப் பேண்டு போட்டிக்குப் போன அந்த வருஷம் ஊரில் அறுவடைக் கூலித் தகராறு. பள்ளி மைதானத்தில் போலீஸ் கூடாரம். டிரில் சார் எங்களை என் அப்பாவின் வயலுக்குக் கூட்டிப்போனார். அறுக்காத நெல் வாசத்தில், பனி நனைத்த வரப்பில், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஊதிப் பழகினோம். எனக்கு முன்னால் டிரம்மோடு செல்வி. எங்கள் வயலில் வேலை செய்து, அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்த அவள் அப்பா மதகில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். என் அப்பாவோடு அவருக்குப் பேச்சு நின்றிருந்தது.

போட்டியில் எல்லாப் பள்ளியும் நாலு நாலாக நடந்தது. நாங்கள் பழக்கதோஷத்தில் ஒற்றை வரிசையிலேயே மைதானத்தைச் சுற்றினோம். கூட்டம் சிரித்தது. செல்வி அழுதாள்.

பார்க்க வந்திருந்த அவள் அப்பா, நேரே என் அப்பாவிடம் போனார். "வயலப் பெருக்க வரப்ப வெட்டி வெட்டி இத்தினியூண்டு ஆக்கிட்டீங்க. புள்ளைங்க எப்படிங்க நாலு பேரா நடக்கும்?"

அப்பா முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "வாய்யா, ஊருக்குப் போய்ப் பேசுவோம்."

"கூலியப் பத்தியுமாங்க?"

"அதையுந்தான்யா."

தஞ்சாவூர்ப் பேண்டு தெருமுனை திரும்புவதற்குள் செல்விக்குப் போன் போட்டேன். "நாலு நாலா போறாளுங்கடி!"

"வரப்பு அகலமாயிடுச்சு போல" என்றாள்.