சிவப்புப் பூ வந்த ஞாயிறு

எங்கள் வாய்க்காலுக்கு ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதே பழக்கத்தில், அக்கா மகள் நடத்திய கதை விளையாட்டு எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த இடத்தில் நின்றது என்பதையும் குறித்திருக்கிறேன். கடைசித் தேதிக்கு எதிரே ‘ஆற்றங்கரை’ என்று இருக்கிறது. அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை.

அந்த விளையாட்டில் பலகை கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். கஷ்டமான காரியமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். அக்கா மகள் பெங்களூர்க் கம்பெனி வேலையை நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவள். தை மாதம் சிங்கப்பூருக்குக் கிளம்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தானே எழுதி நடத்திவந்த கதையைக் கிளம்புவதற்குள் முடித்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை.

கதையில் ஒரு கொடியவன் ஆற்றின் தலைப்பில் மதகு ஷட்டரை மூடிவைத்திருக்கிறான். அங்கே வெள்ளம் தளும்பி நிற்கிறது, கடைமடை ஊர்கள் காய்கின்றன. ஆற்றைப் படகில் தாண்டிப்போய் ஷட்டரைத் திறக்க வேண்டியவர்கள் நாங்கள் மூவர். கோடியக்கரைப் பக்கம் படகு வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்து இங்கே மீன் கடை நடத்துகிற நண்பர் ஒருவர். குத்தாலத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து நடவு செய்கிற, அக்கா மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி. மூன்றாவது நான்.

என் முதல் ஆள் ஐப்பசியில் செத்துப்போனான். புதிதாக ஒருவனை உருவாக்க வேண்டியிருந்தது. எல்லைச் சாமியிடம் வரம் வாங்கிய ஊர்க்காவல்காரன் ஒருவனை நினைத்தேன். காவல் தெய்வங்களைப் பற்றிப் படித்திருந்ததையெல்லாம் திரட்டி, என்னென்ன சக்தி என்று எழுதி அனுப்பினேன்.

“மாமா, இது கேரக்டர் இல்ல, தலபுராணம்” என்றாள். “சாமி இவ்வளவு குடுக்குது, சரி. பதிலுக்கு என்ன கேக்குது?”

இரண்டாம் முறை, ஊர் எல்லைக்குள் மட்டுமே சக்தி வேலை செய்யும் என்று மாற்றினேன். முறைப்படி அதுதான் சரியும்கூட.

“கதை நாலு ஊர் தள்ளி நடக்குது. உங்க ஆளு எல்லைக்கல்லுகிட்ட நின்னு எங்களுக்கு டாட்டா காட்டுவாரா?”

மூன்றாம் முறை, ஒவ்வொரு சக்திக்கும் ஒரு கிடா வெட்ட வேண்டும் என்று சேர்த்தேன்.

“அது விலை இல்ல மாமா, சாப்பாடு.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் சாமியைப் பற்றி இவளிடம் தேர்வு எழுத வேண்டுமா என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். பிறகு, பூப் போட்டுப் பார்க்கிற வழக்கம் நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனித் தாளில் மடித்துப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. என் காவல்காரன் எந்தக் காரியத்துக்கு முன்னாலும் அப்படிக் கேட்கலாம். வெள்ளை வந்தால் அந்தக் காரியத்தில் தோல்வி இல்லை. சிவப்பு வந்தால் சாமி வேண்டாம் என்கிறது; மீறிப்போனால் எல்லாச் சக்தியும் அவனை விட்டுப் போய்விடும்.

“இதைத்தான் மாமா நான் இவ்வளவு நாளா கேட்டது” என்றாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். சிவப்பு வந்தால் மறுநாள் திரும்பக் கேட்கலாம் என்று வைத்துக்கொள்ளலாமா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. நினைத்தது வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்குச் சாமி எதற்கு? ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் என்று நின்றேன்.

“சரி, உங்க சாமி, உங்க சட்டம்” என்று விட்டுவிட்டாள்.

கடைசி ஞாயிறு மார்கழியில் வந்தது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட மீன் கடை நண்பர் தாமதமாக வந்தார். அக்கா டீ வைத்துவிட்டு உள்ளே போனாள். கதை வேகமாக நகர்ந்து, நாங்கள் மூவரும் படகுத்துறையில் நின்றோம். அக்கரையில் ஷட்டர் தெரிகிறது. இனி துடுப்புப் போட வேண்டியதுதான். நான் பகடையை எடுத்தேன்.

“இருங்க சார்” என்றார் நண்பர். “படகை இறக்கறதுக்கு முன்னாடி உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அதுக்குத்தானே வரம் வாங்கி வச்சிருக்கீங்க.”

வாசலிலிருந்து செவ்வரளியும் நந்தியாவட்டையும் பறித்துவந்து, தாளில் மடித்து மேசையில் போட்டேன். அவரே ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

அக்கா மகள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. காவல்காரன் மீறிப்போவான், சக்தியெல்லாம் இழந்து வெறும் மனிதனாக ஷட்டரைத் திறப்பான், கதைக்கு அதைவிட நல்ல முடிவு இல்லை என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

“சரி, சாமி வேணாங்குது. ஆனா கடைமடையில பயிர் கருகுது. போறீங்களா, இல்லையா?”



“போகக் கூடாதும்மா” என்றார் நண்பர்.

“அண்ணே, இது விளையாட்டு.”

“விளையாட்டுதான். ஆனா கேட்டாச்சே.”

“கேக்காம போயிருந்தா?”

“அது வேற. தாராளமா போயிருக்கலாம்.”

அவள் தோழியைப் பார்த்தாள். “நீதான் சாமியே கும்பிடறதில்லையே, நீ போடி.”

“கும்பிடறதில்லதான்” என்றாள் தோழி. “என்னமோ இன்னிக்கு வேணாம்னு தோணுது.”

“யாருக்குத் தோணுது? உனக்கா, உன் கேரக்டருக்கா?”

“ரெண்டு பேருக்குந்தான்.”

“மாமா?”

பகடை என் கையில்தான் இருந்தது. இந்த வழக்கத்தைப் பற்றி நாலு பேருக்கு விளக்கிச் சொல்லுமளவுக்குப் படித்தவன் நான். பூவும் நான் பறித்தது, சாமியும் நான் எழுதியது. உருட்டினால் முடிந்தது. மேசையில் பிரித்த தாளில் கிடந்த அரளியைப் பார்த்தபடி, “பக்கத்துல பாலம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா.”

“சுத்திப் போனா?”

“சுத்திப் போற வழியும் நான் எழுதல.”

அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள். “ஒரு வருஷம்” என்று மட்டும் சொன்னாள். நண்பர் கடை திறக்க வேண்டும் என்று எழுந்துகொண்டார். அன்று முழுக்க எனக்கு ஒவ்வொருவர் மேலும் ஆத்திரமாக வந்தது. கேட்கச் சொன்ன நண்பர் மேல், ஒரு பாலம்கூடக் கட்டாமல் கதை எழுதியவள் மேல், பகடையை வைத்துவிட்ட என் கை மேல்.

கிளம்புகிற நாளில் திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் போனோம். அக்கா முன்னால், நாங்கள் இருவரும் பின்னால். வெண்ணாற்றுப் பாலம் வந்ததும் அவள், “இதை மட்டும் எப்படி மாமா தாண்டறீங்க?” என்றாள்.

“இதுக்கு யாரும் பூப் போட்டுப் பாக்கல” என்றேன்.

“யார் சொன்னா?” என்று அக்கா திரும்பினாள். “இவ சிங்கப்பூர் போலாமான்னு நான் கோயில்ல பூப் போட்டுத்தான் பாத்தேன். முதல்ல சிவப்பு வந்துச்சு.”

“அப்புறம்?”

“அடுத்த வெள்ளிக்கிழமை போய் மறுபடி போட்டேன். அப்பவும் சிவப்பு. அதுக்கடுத்த வெள்ளி வெள்ளை வந்துச்சு.”

“ஒரே காரியத்துக்கா?”

“பின்னே? பொண்ணு போயாகணுமே. சாமியும் யோசிக்க வேணாமா?”

அக்கா மகள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.  என் குரலிலேயே, “ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான்” என்றாள்.

“இதை மார்கழியிலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று அக்காவைக் கேட்டேன்.

“என்னை எங்க அந்த மேசைகிட்ட உக்கார விட்டீங்க?” என்றாள் அக்கா. “டீ போட்டுக் குடுத்ததோட சரி.”