இருக்கை மாறாமல் ஒரு மலைப்பாதை

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைக்கும் மண்டபங்களுக்கு ஒரு சந்தி முன்னால் எப்படியும் ஒரு பெற்றோல் நிலையம் இருக்கும். அங்கே காரை நிறுத்துவேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் முன்பக்கத்தால் சுற்றி வர, என் கணவர் பின்பக்கத்தால் சுற்றிப் போய்ச் சாரதி இருக்கையில் ஏறுவார். அதன்பிறகு ஒரு நிமிட ஓட்டம்தான். மண்டப வாசலில் நிற்பவர்கள் மனைவியைக் கூட்டிவந்த ஒரு கணவரைக் காண்பார்கள். திரும்பி வரும்போது அதே நிலையத்தில் மறுபடி மாறிக்கொள்வோம்.

இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு கல்யாணத்தில் தொடங்கி அப்படியே பழகிவிட்டது. வோபர்னிலிருந்து அஜக்ஸுக்கு 401 நெடுஞ்சாலையில் பனி கொட்டினாலும் வேலைக்குக் கார் ஓடிப் போகிறவள் நான். அவருக்கு வேலை வீட்டுக்குக் கிட்ட, பஸ்ஸில் போய்வருவார். நெடுஞ்சாலையில் ஏறினால் அவருக்குக் கை வியர்த்துவிடும். அது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயமாகவே இருந்தது.

நான் கூச்சக்காரி. பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் மறைந்துபோகும். ஊரில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரச் சோதனையோடு படிப்பு முடிந்தது, கூச்சம் முடியவில்லை. இப்போதும் நான் வேலை செய்யும் பேக்கரியில் கூட்டம் வைத்தால் பாண் அடுக்கும் றாக்கைக்குப் பின்னால்தான் நிற்பேன். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் போய்விடும். கார் ஓடும்போது அந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் இருப்பவரும் வீதியைத்தான் பார்ப்பார். என் வாழ்க்கையில் நான் சரளமாகப் பேசிய பேச்செல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசியவைதான்.

என்னுடைய முதல் கார் கையால் கியர் மாற்றும் பழைய கார். ஒருவருக்கும் வேண்டாததால் என்னிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடந்த ஒரு பிளாசாவின் சரிவில் அதை நிறுத்தி நிறுத்தி, எஞ்சின் செத்துச் செத்து, பழகினேன். அந்தக் காரை விற்றபின் வந்ததெல்லாம் தானியங்கிக் கார்கள். இடது காலுக்கு வேலையில்லாமல் போனது எனக்குக் கவலையாகவே இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் தொலைபேசியில் மலைப்பாதைகளைப் பார்க்கத் தொடங்கினேன். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் வீதிகள், அவற்றில் தரையோடு ஒட்டி ஓடும் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய கார்கள். ரொறன்ரோவில் மலை இல்லை. மண்ணைக் கொட்டி எழுப்பிய மேட்டுக்குத்தான் இங்கே மலை என்று பெயர் வைக்கிறார்கள். எனக்கு உண்மையான மலையில் அப்படி ஒரு காரை நானே ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. என்ன காரணம் என்று பலர் கேட்டுவிட்டார்கள். காரணம் இல்லை. ஆசைதான். எங்கள் பெண்கள் நகைக்கும் சேலைக்கும் ஆசைப்பட்டால் ஒருவரும் காரணம் கேட்பதில்லையே.

சுவிஸில் இருக்கும் என் கணவரின் அண்ணர் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். நாங்கள் போவதென்று முடிவானதும், கல்யாணம் முடிந்து மூன்றாம் நாளுக்கு ஒரு தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்குப் பதிவுசெய்தேன். கியர் கார். தெரிந்துதான் எடுத்தேன். இவருக்குக் கியர் ஓடத் தெரியாது.

"நீர் விளையாடுறீரோ?" என்றார் இவர்.

"இல்லை."

"அண்ணையாக்கள் என்ன நினைப்பினம்? வான் வைச்சிருக்கினம். எல்லாரும் ஒண்டாய்ப் போகலாம்தானே."

"வான் பின்னாலை வரட்டும்."

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. லுசேர்னில் வாடகைக் கார் முற்றத்தில் கடும்பச்சை நிறத்தில் அது நின்றது. நின்றது என்று சொல்வதைவிட, யாரோ கழற்றிவிட்ட செருப்பு மாதிரிக் கிடந்தது என்றால் சரி. இவருடைய அண்ணரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதென்னடி, பந்திப் பாயிலை இருக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!" என்று சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. சாவிக்குக் கையை நீட்டினார்.

"திறப்பைத் தாரும் தங்கச்சி. உது கியர் கார். மலை உங்கடை கனடா றோட்டு மாதிரி நேராய்க் கிடக்காது. தம்பியும் நானும் இதிலை போறம். வானை மருமேன் ஓடுவான், நீர் அக்காவோடை அதிலை வாரும்."

ஒரு வான் நிறையச் சனம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல எனக்குப் பேச்சு வரவில்லை. அதனால் பேசாமல் காரில் ஏறி இருந்து கதவைச் சாத்தினேன். வாய் உதவாத இடத்தில் கதவு உதவியது. இவர் கொஞ்ச நேரம் அண்ணரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முதலில் தலையை விடுவதா காலை விடுவதா என்று தெரியாமல் திண்டாடி, எப்படியோ பக்கத்து இருக்கையில் விழுந்தார். வானில் இடமில்லை என்று சொல்லி அக்கா இடியப்பப் பெட்டியையும் தேங்காய்ப்பால் சொதி வாளியையும் அவருடைய மடியில் வைத்தார். அத்தான் போய் வானின் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அப்படித்தான் நாங்கள் ஃபூர்கா கணவாய்க்குப் போனோம். முன்னால் பச்சைக் கார், பின்னால் சொந்தக்காரரின் வான்.

கடைசிக் கிராமம் கழிந்ததும் வீதி மலையில் ஏறியது. கூரையைத் திறந்துவிட்டேன். இரண்டாம் கியர், வளைவு, மூன்றாம் கியர், மறுபடி இரண்டு. என் இடது கால் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது. தாழ்வான காரில் உலகம் வேறு அளவில் இருந்தது. விளிம்பில் நட்டிருந்த கற்கள் என் தோளுக்கு வந்தன. வீதியோரம் நின்ற மாடொன்று குனிந்து என்னைப் பார்த்தது. அதன் கழுத்து மணி என் காதருகில் அடித்தது. அடுத்த வளைவில் முன்கண்ணாடி முழுக்க வானம் மட்டும் தெரிந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

"மெல்ல… மெல்ல… சொதி ஊத்துப்படுது!"

"சொதியை நீங்கள் பிடியுங்கோ. றோட்டை நான் பிடிக்கிறன்."

மேலே எங்கோ மூன்று சுரத்தில் ஒரு ஹோர்ன் கேட்டது. மஞ்சள் நிறத் தபால் பஸ். அந்த மலையில் அதற்குத்தான் முதல் வழி. வளைவில் திரும்பினேன், அது முழு வீதியையும் அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அந்தச் சிறிய கற்கள், அதற்கப்பால் ஒன்றுமில்லை. பஸ் சாரதி கையைக் காட்டினார். பின்னுக்குப் போ.

பின்னுக்குப் போக முடியவில்லை. அத்தான் என் காரோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் கைப்பிரேக்கைப் போட்டேன். அவர் வானைப் பின்னுக்கு எடுப்பார் என்று பார்த்தால், அதை விட்டுவிட்டு இறங்கி நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்க அவர் முழங்காலை மடிக்க வேண்டியிருந்தது. ஒரு கை கதவில், கழுத்துச் சங்கிலி முன்னால் தொங்கியது.

"இறங்கும் தங்கச்சி. நான் எடுத்து விடுறன்."

பஸ்ஸின் கண்ணாடிகளுக்குள் முகங்கள். வானுக்குள் முகங்கள். இவர் மெல்லிய குரலில், "அண்ணை சொல்லுறார்… ஒருக்கால் குடுமன்" என்றார். இறங்கினால் எல்லாம் சுலபம். எத்தனையோ கல்யாணங்களுக்கு இறங்கிச் சுற்றிப் போனவள்தானே. என் கை கதவின் பிடிக்குப் போனதும் உண்மை. அங்கே இறங்கினால் இனி எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருப்பேன் என்று பட்டது. கையை எடுத்துக் கியரில் வைத்தேன்.

"அத்தான், உங்கடை வான் அதிலை நிண்டால் ஆர் எடுத்தாலும் இது போகாது. நீங்கள் அதை எடுங்கோ. இதை நான் எடுப்பன்."

"பஸ்ஸிலை சனம் பாத்துக்கொண்டிருக்குது பிள்ளை!"

"பாக்கட்டும்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அத்தான் நிமிர்ந்தார். முழங்காலில் ஒரு சத்தம் கேட்டது. போய் வானைப் பின்னுக்கு எடுத்தார். நன்றாகவே எடுத்தார், அவர் நல்ல ஓட்டக்காரர், அதை நான் மறுக்கவில்லை.

பிறகு நான். ஒருமுறை எஞ்சின் செத்தது. பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். திரும்பவும் ஸ்டார்ட் செய்தேன். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி, கிளச்சைப் பாதியில் பிடித்து, கல் கல்லாக இறங்கி, பாறையோரம் கொஞ்சம் அகன்ற இடத்தில் ஒதுங்கினேன். பஸ் எங்களை உரசாமல் உரசிக்கொண்டு போனது. சாரதி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தினார். நானும் இரண்டு விரலை உயர்த்தினேன்.

உச்சியைத் தாண்டி, பனிப்பாறை உருகாமலிருக்க வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் எல்லாரும் சாப்பிட்டோம். இடியப்பம் வந்து சேர்ந்தது, சொதியில் பாதி இவருடைய காற்சட்டையில் இருந்தது. அத்தான் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"டேய், மனிசியை ஓட விட்டிட்டுச் சொதி வாளியோடை இருக்கிறாய். வெக்கமாய் இல்லையே? அங்கை கனடாவிலை நீதானே ஓடுறனி?"

இவர் காற்சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். "எனக்குக் கியர் ஓடத் தெரியாதண்ணை. ஹைவேயும் பயம். அங்கையும் அவதான் ஓடுறவ."

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அக்கா மட்டும், "அப்ப எனக்கும் ஒரு ரவுண்டு காட்டடி" என்று கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். அவரை ஏற்றிக்கொண்டு நாலு வளைவு கீழே போய் ஏறி வந்தேன். வழியெல்லாம் அவர் கத்திய கத்தலில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

இதோடு இவர் மாறிவிட்டார் என்று நினைத்தால் பிழை. மலையில் சொன்னது மலையோடு போகட்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். போன மாதம் இங்கே ஸ்காபரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு கல்யாணம். பெற்றோல் நிலையம் கண்ணில் பட்டதும் அவருடைய கை தன்பாட்டில் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டது.

"இதிலை நிப்பாட்டும், மாறுவம்."

நான் நிறுத்தவில்லை. பெல்ட் கழன்றதற்குக் கார் மணியடிக்கத் தொடங்கியது.

"இஞ்சரும், வாசல்லை சனம் நிக்கும்."

"நிக்கட்டும்."

பெற்றோல் நிலையம் பின்னால் போனது. சந்தி விளக்கு பச்சையாக இருந்தது. மண்டபத்து வாசலில் பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் தெரிந்தன. எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, முகமெல்லாம் சூடேறியது. ஆனாலும் கூட்டத்துக்கு நேர் முன்னால் இருந்த இடத்தையே தேர்ந்தெடுத்து, சிக்னலைப் போட்டேன். பக்கத்தில் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அதன்பிறகு பெல்ட்டை மாட்டும் சத்தம் கேட்டது. மணி நின்றது.