முப்பத்திரண்டாவது தலை

எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு வியாதி இருந்தது: ஆட்களை எண்ணுவது. வடக்கே தலைநகரில் நாங்கள் இருந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து கோயிலுக்குப் புறப்பட்டாலும் சரி, மெட்ரோவில் ஏறினாலும் சரி, "ஆறு பேரும் வந்தாச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்த காரியம். "நாங்க என்ன ஆட்டு மந்தையா?" என்று அம்மா கேலி செய்வாள். அவர் சிரிப்பார், சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் எண்ணுவார்.

வருடத்தில் பதினொரு மாதம் அவர் மத்திய அரசு ஆபீஸில் குமாஸ்தா. ஒரு மாதம் ராணுவம். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகச் சேவை செய்கிறவர்களின் படையில் அவரும் இருந்தார். பயிற்சிக்குக் கூப்பிட்டால் போவார். வெள்ளம், நிலநடுக்கம் என்றால் அதற்கும் போவார். சீருடைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவர் படியிறங்கும்போது நான் தெருமுனைவரை பின்னாலேயே ஓடுவேன். நேற்று சித்திக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்த மனுஷரா இவர்!

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, தீப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க அவரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். விடுவேனா? ஒரு வாரம் தம்பட்டம் அடித்தேன். அவர் ஃபௌஜி, அசல் ராணுவ வீரர், சீருடையில் வருவார், துப்பாக்கிகூட இருக்கும் என்று கூசாமல் அளந்துவிட்டேன்.

வந்தவர் அரைக்கைச் சட்டையில் வந்தார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, கையில் மணல் வாளி. "அரே, இவரு ஃபௌஜி இல்லடீ, ஆபீஸ் பாபு!" என்று பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. என் மானம் கப்பலேறிவிட்டது.

முன்னால் நிற்பவர் தோளில் கை வைத்து வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும்; ஓடக்கூடாது; எதற்காகவும் திரும்பக்கூடாது. இதுதான் பயிற்சி. தாழ்வாரத்தில் ஒரு தகர டின்னில் ஈர வைக்கோலைக் கொளுத்திச் சித்தப்பாவே புகை மூட்டினார். மணி அடித்தது. வரிசையின் கடைசியில் இருந்த நான் நழுவி, விளையாட்டுச் சாமான் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்று வீம்பு.

மைதானத்தில் அவர் எண்ணுவது ஜன்னல் வழியே கேட்டது. "முப்பத்தொண்ணு." மறுபடி எண்ணினார். மறுபடியும் முப்பத்தொண்ணு. எங்கள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர்.

கதவை ஒரு விரல் அளவு திறந்து எட்டிப் பார்த்தேன். வெறும் வைக்கோல் புகை. நெருப்பென்று ஒன்றும் கிடையாது. அது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் சித்தப்பா மூக்கில் ஈரக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஆபீஸ் பேன்ட் பாழாவதைப் பார்க்காமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தார். ஒரு கை சுவரைவிட்டு விலகவே இல்லை. மூடியிருந்த ஒவ்வொரு கதவிலும் முதலில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு திறந்து மேசைக்கடியெல்லாம் துழாவினார். பெயருக்குக்கூட ஒரு தடவை எழுந்து நடக்கவில்லை. அம்மாடி! எனக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. சீருடையும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

என் கதவும் திறந்தது. "ஏட்டி, இங்கயா இருக்க?"

அவ்வளவுதான். திட்டவில்லை. என்னை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நிறுத்தினார். பிறகு முதலிலிருந்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். என் தலைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எண் வரவில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

போன வருடம்தான் சித்தி சொன்னாள். அந்தப் பயிற்சிக்கு முந்தைய மழைக்காலத்தில் அவர் வெள்ள மீட்புக்குப் போயிருந்தாராம். ஒரு வீட்டுக் கூரையிலிருந்து படகில் ஏற்றி வந்தவர்களைக் கரையில் எண்ணியபோது ஒரு பெண்குழந்தை குறைந்தது. உடனே படகைத் திருப்பினார்கள். அங்கே கூரையே இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் எங்களை எண்ண ஆரம்பித்தாராம்.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவ்வளவு பெரிய வீரருக்குப் போய்க் கணக்கு மறந்துவிட்டதே என்று பாவமாக இருந்தது. தலைமேல் இருந்த அவர் கையை மெல்ல இழுத்து, யாருக்கும் கேட்காமல் விடையைச் சொல்லிக்கொடுத்தேன்: "முப்பத்திரண்டு, சித்தப்பா."