திரும்பிப் போகாத லாரிக்கு ஒரு பாராட்டுரை

புனிதாவுக்குக் கோபம் வந்தால் புந்தோங் தெருமுனைச் சீனர் கடையில் அடுக்கி வைத்த தட்டெல்லாம் தானாகக் கிலுகிலுக்கும் என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தட்டும் தப்பியிருக்காது.

அவள் தம்பி தனேஸ்வரன் ராணுவத்தில் லாரி ஓட்டும் கோப்ரல். விடுப்பில் வந்தவன், சமையலறை மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுத் தப்புச் செய்த பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றான்.

"மெடலுக்கு என் பேரைக் குடுக்கப் போறாங்கக்கா. பாராட்டுரை எழுதணும். நீதான் மலாய் டீச்சராச்சே, கொஞ்சம் அழகு பண்ணிக் குடுலா."

"மெடல் உனக்குன்னா உன் கேப்டன்தானே எழுதணும்?"

"எங்க கேம்ப்ல வாங்குறவனே எழுதிக் குடுத்துடுவான். கேப்டன் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாரு. எப்பவும் அப்படித்தான்."

தன் பெருமையைத் தானே எழுதச் சொல்லும் வழக்கம் வேறு யாருக்காவது பொருந்தலாம். தனேஸ்வரனைக் கேட்டால், தான் பிறந்ததற்கே மருத்துவச்சியைத்தான் பாராட்டுவான். புனிதா தாளைப் படித்தாள். கேப்டன் மிதுலன் அவர்களின் உத்தரவின்படி லாரி கிளம்பியது. கேப்டன் அவர்களின் வழிகாட்டுதலால் தண்ணீரைக் கடந்தது. கேப்டன் அவர்களின் துணிச்சலால் மக்கள் காப்பாற்றப்பட்டார்கள். தனேஸ்வரன் என்ற பெயர் கடைசியில், லாரியை ஓட்டியவர் என்ற இடத்தில் மட்டும் இருந்தது.

"ஏன்டா, அன்னைக்கு லாரியில கேப்டன் இருந்தாரா?"

"இல்லக்கா. ரோட்டு முனையில ஜீப்ல இருந்தாரு."

"ரேடியோவுல என்ன சொன்னாரு?"

தனேஸ்வரன் அடுப்பைப் பார்த்தான். "பாத்தா பாலிக்னாரு."

திரும்பி வா என்று மலாயில் உத்தரவு. பாகான் டத்தோவில் கடல் கரையை உடைத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்த நாள் அது. லயத்து வீடுகளின் கூரைமேல் சனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். தனேஸ்வரன் திரும்பவில்லை. தண்ணீர் பானட்டுக்கு மேல் ஏறியதாகவும், லாரியின் வைப்பர் இந்தப் பக்கம் ஒரு மீனையும் அந்தப் பக்கம் ஒரு மீனையும் ஒதுக்கிக்கொண்டே வந்ததாகவும், கூரையில் இருந்த ராமையா இன்றைக்கும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். மீனை விட்டுவிடலாம். கூரையில் இருந்த அத்தனை பேரும் உயிரோடு இறங்கினார்கள், அதில் பொய் இல்லை.

புனிதா தாளை மேசையில் அறைந்தாள். இவன் இன்றைக்கா இப்படி? சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதி அதிகாரம் பண்ணும் கிராணியின் சைக்கிள் மணி கேட்டாலே அப்பா ஐயாவு தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். அதைப் பார்த்தே வளர்ந்தவன் இவன். பள்ளிக்கூடத்தில் எவனோ கண்ணாடியை உடைக்க, வாத்தியார் பிரம்பை ஓங்கினால் இவன் கையை நீட்டுவான். தோட்டத்தை விற்று ரப்பரை வெட்டிச் சாய்த்தபோது, வீட்டைக் காலி பண்ணு என்று சொல்ல வந்த கிராணியின் மேசையையும் சேர்த்துத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டு வந்தான். பட்டாளத்திலும் அதே கதை. தீபாவளிக்கு யார் காவலுக்கு நிற்பது என்றால் தனேஸ். பஞ்சரான டயருக்கும் தனேஸ். அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறான், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு மெடல் கிடையாது. இத்தனை காலத்தில் ஒரே ஒரு நாள், ஒருவர் திரும்பு என்றபோது இவன் திரும்பவில்லை. அந்த ஒரு நாளையும் இவனே துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, அழகு பண்ணிக் கொடு என்கிறான்!

"உன் கேப்டனோட தாத்தா யாருடா?"

"ஏதோ தோட்டத்துல பெரிய கிராணியாம். ஏன்கா?"

"ஒண்ணுமில்ல. துண்டு எங்கடா? எடுத்துக் கக்கத்துல வச்சுக்கோ!"

அந்த நேரம் பார்த்துத் தனேஸ்வரனின் கைப்பேசி அடித்தது. கேப்டன் மிதுலன். புனிதா பிடுங்கி, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி மேசையில் வைத்தாள்.

"கேப்டன், நான் தனேஸோட அக்கா. திரும்புன்னு சொன்னவருக்குத் துணிச்சல்னு பேரு வச்சு எழுதணுமா நான்?"

கேப்டன் கோபப்படவில்லை. அதுவும் அவளுக்குக் கோபமாக வந்தது.

"அக்கா, உள்ளதை எழுதினா அவனுக்கு மெடல் கிடைக்காது. உத்தரவை மீறினான்னு சார்ஜ்தான். என் உத்தரவுன்னு எழுதினா ரெண்டு பேருக்கும் நல்லது."

"ரெண்டு பேருக்கும்னா? உங்களுக்கும் ஒண்ணு வருதா?"

"என் பேரும் போயிருக்கு" என்றார். பிறகு, "சரிக்கா, என் பேரை எடுத்துடுங்க. ரேடியோவுல உத்தரவு கேக்கலன்னு ஒரு வரி போடுங்க. அவனுக்கு மெடலும் வரும், சார்ஜும் இல்ல. யாருக்கு நட்டம்?"

புனிதாவுக்கு இது நல்லதாகத்தான் தெரிந்தது. மடிக்கணினியைக் கிட்டே இழுத்தாள்.

"கேட்டுச்சு சார்" என்றான் தனேஸ்வரன்.

"என்ன தனேஸ்?"

"உத்தரவு நல்லாவே கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் போனேன். கேக்கலன்னு எழுத வேணாம்."

"யோசிச்சுப் பேசு. நான் சார்ஜ் பண்ண மாட்டேன். ஆனா இதுல கையெழுத்தும் போட முடியாது. உன் பேர் போகாது."

"போட வேணாம் சார்."

கைப்பேசி அணைந்தது. புனிதா கரண்டியைத் தொட்டிக்குள் வீசினாள்.

"இத்தனை நாள் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே? போச்சுடா, மெடல் போச்சு!"

"நீதானேக்கா பொய் எழுத மாட்டேன்னே?"

"கேப்டன் பேர்ல எழுத மாட்டேன்னேன்! மெடலை வேணாம்னு சொல்லச் சொன்னேனா? கூரையில இருந்தவங்களுக்குத் தெரியுது, கேப்டனுக்குத் தெரியுது, இனி ஒரு தாள்லயும் இருக்காது! மடையா! மடையா!"

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். விசைப்பலகை உடையாமல் போனது அதைச் செய்தவர்களின் கைத்திறன். எந்த அலுவலகத்துக்கும் போகப்போவதில்லை என்பதால் மலாய் வேண்டாமென்று தமிழிலேயே தட்டினாள். தட்டி முடித்ததும் திரும்பினாள்.

"மெடல் குடுக்குறப்போ இதைப் படிப்பாங்கல்ல? அப்ப எப்படி நிப்பீங்க?"

"அட்டென்ஷன்லக்கா."

"நில்லு."

"சாப்பிட்டுட்டு..."

"நில்லுடா!"

தனேஸ்வரன் குதிகாலைச் சேர்த்து நின்றான். புனிதா, அணிவகுப்புத் திடலின் கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரலில் படித்தாள்.

"கோப்ரல் தனேஸ்வரன், ஐயாவுவின் மகன்! திரும்பி வா என்ற உத்தரவு அவர் காதில் தெளிவாக விழுந்தது! கூரைமேல் ஆள் இருப்பதும் அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது! அவர் வண்டியை முன்னே விட்டார்! யாரும் சொல்லவில்லை! யாரும் வழிகாட்டவில்லை! இது முழுக்க முழுக்க அவர் ஒருவரே செய்தது!"

பக்கத்து வீட்டுக் கலாதேவி பதறிப்போய் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே தனேஸ்வரன் விறைத்து நிற்கிறான், கன்னத்தில் தண்ணீர் வழிகிறது.

"ஏன் புனிதா, காலங்காத்தால அந்தப் புள்ளையைப் போட்டு இப்படித் திட்டுறே? பாவம்லா!"

"திட்டலக்கா! பாராட்டுறேன்!" என்று கத்திவிட்டு, அடுத்த வரியை அதைவிட உரக்கப் படித்தாள்.