வயது கேட்ட திரை

ஞானபூரணி ஆஸ்பத்திரி வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. 1999 ஏப்ரலில் அவள் தம்பி ஃபெலிக்ஸ் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செக்காலை வீட்டுக்கு வந்தான். மாடி அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க அவளுக்கு ஆசை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் ஏழு வருடம் உட்கார்ந்தவள். ஏன் அந்த வேலையை விட்டாள் என்று வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏலத்துல எடுத்தேன்க்கா. மானிட்டர் ரொம்பப் பழசு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்," என்றான் ஃபெலிக்ஸ்.

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸைப் போட்டாள். வெறும் எழுத்து மட்டும் தெரிகிற திரை வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. படத்திரையைத் தொடங்கும் கட்டளையை அடித்ததும் மானிட்டர் கறுத்துப்போய், மெல்லிய குரலில் கீச்சென்று கத்தியது. பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தாள். ஜன்னல் வெயில் கண்ணாடியில் விழுந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

நேம். ஏஜ். வார்டு.

ஒரே படிவம் வருடக்கணக்காக நின்ற இடத்தில் எழுத்துகள் தழும்பாகப் பதிந்திருந்தன. ஆஸ்பத்திரி கவுண்டரில் அவள் ஏழு வருடம் பார்த்துக்கொண்டிருந்த அதே திரை.

வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்பு ஒரு நாள், அந்தக் கவுண்டருக்குக் கொத்தமங்கலத்திலிருந்து பொன்னுத்தாயி என்று ஒருத்தி, காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையின் பெயர் தேவிகா என்றாள். வயதைக் கேட்டதும் அவளுக்குப் பேச்சு எழவில்லை. வயது இல்லாமல் படிவம் மேலே நகராது. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்று ஞானபூரணி இரண்டு தடவை சொன்னாள். ஏதாவது ஓர் எண்ணை அடித்திருக்கலாம். அடிக்காமல் காத்திருந்தாள். நாலைந்து நிமிடம் இருக்கும். பிள்ளையின் தலை தொங்கியதை நர்ஸ்தான் பார்த்து, வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாலேயே பார்த்திருந்தாலும் கஷ்டம்தான் என்றார் டாக்டர். ஞானபூரணியை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மூன்று நாள் அந்தக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள். ஒவ்வொரு முறையும் திரை கறுத்தது. ஒவ்வொரு கறுப்பிலும் அந்த மூன்று சொற்கள்.

"வேற மானிட்டர் பாத்துக்கலாம்க்கா."

"வேணாம்டா. இதுலயே வரணும்."

பெட்டியைத் திறந்து, திரைக்குப் படம் அனுப்பும் கார்டின் தூசியைத் துடைத்து, சிப்பில் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். லினக்ஸ் காட்டிய பட்டியலில் அதற்குரிய பெயரைக் கொடுத்தாள். கீச்சொலி நிற்கவில்லை. பிறகுதான், நொடிக்கு எத்தனை தடவை படத்தை வரைய வேண்டும் என்று மானிட்டருக்குக் கொடுத்த வேகத்தைக் கவனித்தாள். அந்தப் பழைய படக்குழாயால் தாங்க முடியாத வேகத்தை அதனிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இருப்பதிலேயே குறைந்ததைக் கொடுத்தாள். சத்தம் நின்றது. சாம்பல் நிறத்தில் திரை எழுந்தது, நடுவில் பெருக்கல் குறி மாதிரி மவுஸின் முனை. சாம்பலுக்குள்ளும் அந்த எழுத்துகள் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொத்தமங்கலத்துக்கு பஸ் ஏறினாள். பொன்னுத்தாயி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"வயசு கேட்டீகளே, அந்தம்மாதானே?"

"ஆமா."

"ஆறு முடிஞ்சு ஏழு நடந்துச்சு. அன்னைக்கு வாயில வரலை. வீட்டுக்குத் தூக்கியாந்து கெடத்துனப்புறம்தான் வந்துச்சு."

"நான் ஏதாச்சும் ஒரு வயசப் போட்டு உள்ள அனுப்பியிருக்கணும். அனுப்பாம உக்காந்திருந்தேன்."

பொன்னுத்தாயி மிளகாயைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "அவ பேரு அந்தப் பெட்டில ஏறுச்சா?"

"இல்ல. வயசில்லாம ஏறாது. அழிச்சுட்டேன்."

"பேராச்சும் இருக்கும்னு நெனச்சேன்." பொன்னுத்தாயி எழுந்து கையை உதறினாள். "வெயில்ல நிக்காதீக. அங்குட்டு மரத்தடில நின்னா பஸ்ஸு வரும்."

உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

ஜூனில் வகுப்பு தொடங்கியது. வேறு மூன்று கம்ப்யூட்டர்களும் வாங்கிப் போட்டார்கள். முதல் மாதம் ஆறு பேர் சேர்ந்தார்கள். ஜன்னலோரத்துப் பழைய கம்ப்யூட்டரில் மட்டும் ஞானபூரணி யாரையும் உட்காரவிடவில்லை. ஏன் என்று கேட்டால், "அதுல டிஸ்ப்ளே இன்னும் சரியாகலை," என்பாள்.