“தப்பு எங்களோடது” என்று சொன்ன ரஹ்மத் அக்கா

ரஹ்மத் அக்கா போய்விட்டார். காலையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

அவருடைய தம்பி அனுப்பிய மெசேஜை மூன்று முறை படித்தேன். இன்னும் பதில் போடவில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தஞ்சாவூரில், பக்கத்து மாவட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெல்ப்லைன் போனை எடுப்பவர். அதே அலுவலகத்துக்கு வெப்சைட் செய்துகொடுத்த கான்ட்ராக்ட் ஆள் நான்.

இருபது வயதுக்கு மேல் பார்வை போனவர். கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை, நமக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்.

நான் சேர்ந்த முதல் வாரமே என்னைத் தேடி வந்துவிட்டார். நீங்கள் செய்த வெப்சைட்டில் எதைத் தொட்டாலும் ‘பட்டன்’, ‘பட்டன்’ என்றே கேட்கிறது, எந்தப் பட்டன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். சிரித்துக்கொண்டே சரிசெய்தேன்.

அப்புறம் அந்த மழை. அறுவடைக்கு நின்ற சம்பா தண்ணீரில் கிடந்தது. நிவாரண மனுவை ஆன்லைனில்தான் போட வேண்டும் என்று உத்தரவு.

நான்கே நாளில் ஃபார்ம் செய்தேன். சோதித்துப் பார்க்க நேரமில்லை... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா என் மேஜைக்கு வந்தார். காலையிலிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லாம் ஒன்றையே சொல்கிறார்களாம். மனு போட்டாச்சு, ரசீது நம்பர் வரவில்லை.

“நானே போட்டுப் பாத்தேன் கதிர். ‘சமர்ப்பி’ பட்டனை அமுக்கினா ஒன்னுமே பேசல. போச்சா, போகலையா?”

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் நகலின் ஃபோட்டோ பெரிதாக இருந்தால் மனு போகாது, அதைப் பக்கத்தின் மேலே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறேனே என்றேன். ஸ்கிரீன் ரீடரில் கேட்காதது என் தவறுதான், அடுத்த மாதம் பார்க்கிறேன் என்றும் சொன்னேன்.

“எனக்குக் கண்ணு தெரியாது, சரி. போன் பண்றவங்க எல்லாருக்குமா தெரியாது?”

மொபைலில் திறந்து பார்த்தேன். பட்டன் பக்கத்தின் அடியில். சிவப்பு எழுத்து மேலே, திரைக்கு வெளியே. அமுக்கியவர் கண்ணில் அது படவே படாது.



இரண்டு பேரும் அதிகாரியின் அறைக்குப் போனோம். கடைசித் தேதி முடியும்வரை சைட்டில் கை வைக்கக் கூடாது என்றார். சரியாகப் போடாதது அவர்கள் தப்பு என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் அக்கா, நீங்க ஒன்னும் சொல்லலையே என்று மட்டும் கேட்டார்.

பாதியில் நின்ற மனுக்களின் லிஸ்ட் வேண்டும், எக்ஸலில் கொடுத்தால் தானே படித்துக்கொள்வதாகச் சொன்னார். பயந்துகொண்டேதான் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டார். ஃபோட்டோவை எப்படிச் சின்னதாக்குவது, அப்புறம் எங்கே அமுக்குவது... அதே நிதானம், திரும்பத் திரும்ப. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆறு மணிக்கு சைட் தானாக மூடிக்கொண்டது. லிஸ்ட்டில் இன்னும் சிலர் பாக்கி.

அவர்களில் ஒருவர் குடவாசல் பக்கத்து விவசாயி. மழையில் கரண்ட் போய், அவர் போனில் சார்ஜே இல்லாமல் இருந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனாம்மா என்று கேட்டாராம்.

“இல்லங்கய்யா. தப்பு உங்களோடது இல்ல. எங்களோடது.”

அக்கா இதைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஹெல்ப்லைனில் பேசுவது எல்லாம் பதிவாகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதே வாரம் அவருக்கு மெமோ. அலுவலகத்தின் மேல் பொய்யாகப் பழி போட்டாராம். சைட்டில் எந்தக் கோளாறும் இல்லை என்று ஒரு கடிதத்தையும் கூடவே இணைத்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். கேட்டார்கள், கொடுத்தேன். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் மாதம் அது.

மெமோவை ஸ்கேன் செய்த படமாக அனுப்பியிருந்தார்கள். ஸ்கிரீன் ரீடரால் அதைப் படிக்க முடியாது. படித்துக் காட்டச் சொல்லி அக்கா என்னிடமே வந்தார்.

மெமோவைப் படித்தேன். கடிதத்தையும் படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

“கீழ கையெழுத்து யாரோடது?”

“என்னோடதுக்கா.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் எழுந்து போயிருக்கலாம்.

“இன்னொரு தடவ மெதுவா படிங்க. நான் பதில் டைப் பண்ணணும்.”

படித்தேன். அவர் டைப் செய்தார்.

அன்றைக்கே நான் இன்னொரு கடிதம் எழுதினேன். கோளாறு என்ன, அது யாருடையது, எந்த மனு எத்தனை மணிக்கு நின்றது என்ற சர்வர் பதிவு... எல்லாம். அதிகாரி வாங்க மாட்டேன் என்றார். மேலிடத்துக்குத் தபாலில் அனுப்பினேன்.

பல வாரம் கழித்துத்தான் உத்தரவு வந்தது. பாதியில் நின்ற மனுக்களையும் ஏற்றுக்கொண்டார்கள், குடவாசல்காரருடையதும் சேர்த்து. அக்காவின் மெமோவைக் கைவிட்டார்கள். என் கான்ட்ராக்ட்டையும்.

சென்னைக்கு வந்த பிறகும் எந்த சைட் செய்தாலும் லிங்க்கை முதலில் அவருக்குத்தான் அனுப்புவேன். வாய்ஸ் மெசேஜில் திட்டு வரும். போன வாரம் வந்தது, தேதி கேட்கிற இடத்தில் ஸ்கிரீன் ரீடர் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லை என்று. நாளைக்குப் பார்க்கிறேன் அக்கா என்று போட்டேன்.

கூத்தாநல்லூரில் இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பஸ் இப்போதுதான் விழுப்புரம் தாண்டுகிறது. நேரத்துக்குப் போய்ச் சேர்வேனா... போனாலும் முகம் பார்க்க முடியுமா... தெரியவில்லை.

அந்தக் கடிதத்துக்காக நான் உங்களிடம் மன்னிப்பே கேட்கவில்லை அக்கா. நீங்களும் ஒருநாள்கூடக் கேட்கவைக்கவில்லை.

ஸலாம் அக்கா. வந்துகொண்டிருக்கிறேன்.